விழுப்புண்ணுக்கு விழுக்காடு!

காட்டுப்பள்ளிக்கு ஒரு கப்பல் வந்தது. 2022-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள். வந்தது அமெரிக்கக் கடற்படைக்குரிய கப்பல். சார்லஸ் ட்ரூ என்று பெயர். அந்தக் கடற்படையின் கலமொன்று பழுது பார்ப்பதற்கென்று இந்தியக் கரை தேடி வந்தது அதுவே முதல் தடவை. எல் அண்ட் டி கப்பல் தளத்திலே கட்டினார்கள். 11 நாள் வேலை என்று கணக்கிட்டார்கள். கடலிலே உழன்ற கலத்துக்குப் பழுது வரும். வந்தால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நாள் குறிக்க வேண்டும். முறை அதுதானே!

மகிழ்ந்தோம். பெருமையும் கொண்டோம். வல்லரசின் கப்பலுக்கு வந்த வியாதியை வடசென்னைத் தொழிலாளியின் கை தீர்த்து வைக்கிறது என்றால், நெஞ்சு நிமிரத்தானே செய்யும்!

ஆனால் தோழர்களே, அதே கரையில், கூப்பிடு தூரத்தில், ஓர் ஆலையின் வாயிலிலே ஒருவர் நிற்கிறார். நீலச் சட்டை, இடையில் பட்டை வார், கையில் டார்ச் விளக்கு. லாரி வந்தால் எண்ணைக் குறிப்பார், கதவைத் திறப்பார், கதவைச் சாத்துவார். இரும்பால் ஆனவர் அல்லர் அவர். எலும்பாலும் சதையாலும் ஆனவர். அவருக்கும் பழுது உண்டு. பதினான்கு ஆண்டு படையில் இருந்து பட்ட பழுது. 2012-ஆம் ஆண்டு 'இனி நீ வேண்டாம்' என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கப்பலின் பழுதுக்கு நாள் குறித்த கரையிலே, காவலாளியின் பழுதுக்கு நாள் குறிப்பார் எவருமில்லை!

அவரை அந்தப் பக்கத்துத் தோழர்கள் 'மிலிட்டரி' என்பார்கள். இன்னும் சரியாகச் சொன்னால், 'தூங்காத மிலிட்டரி'. நள்ளிரவில் காண்டிராக்டர் சோதனைக்கு வந்தால், மற்ற வாயில்களில் குறட்டை கேட்கும்; இவர் வாயிலில் பூட்ஸ் ஓசை கேட்கும். பகல் ஷிப்டு வேண்டாம், இரவு ஷிப்டே கொடுங்கள் என்று கேட்டு வாங்குவார். "ஆள் என்றால் இவரல்லவா ஆள்!" என்று காண்டிராக்டர் மெச்சினார். டீக்கடையிலே தோழர்கள் மெச்சினார்கள். நாமும் மெச்சினோம். "அண்ணே, உங்களைப் போலப் பத்துப் பேர் இருந்தால் ராத்திரி சுவரொட்டி ஒட்ட ஆள் தேட வேண்டாமே!" என்று சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காக இன்று வெட்கப்படுகிறோம்.

ஏன் என்று கேளுங்கள். ஒரு நாள் மாலை அவருடைய துணைவியார் நமது படிப்பகத்துக்கு வந்தார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். கையிலே ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள்ளே குடும்ப அட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள். தேடும்போது, நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து நைந்த ஒரு தாள் கைக்கு வந்தது. மெடிக்கல் போர்டு எழுதிய தாள்.

"அண்ணி, இது என்ன?"

"அது வேணாம் தம்பி. அது வேற. மடிச்சு உள்ள வச்சிடுங்க."

மடிப்பதற்கு முன் கண்ணில் பட்டுவிட்டது. நோய், மனம் பற்றியது. ஊனம், 40 விழுக்காடு. எவ்வளவு காலத்துக்கு? ஆயுள் முழுவதும். படைப் பணியால் விளைந்த நோயா? இல்லை. படைப் பணியால் மிகுந்த நோயா? இல்லை. காரணம்? பிறவிக் கூறு என்று பொருள்படும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்.

மெல்லக் கேட்டோம். அம்மையார் சொன்னார்: "அவரு தூங்காம இல்ல தம்பி. தூங்கினா எழுந்து கத்துவாரு. சுவரைப் போட்டு அடிப்பாரு. பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கறப்போ பயந்து நடுங்கும். அதுக்காவத்தான் நைட் டூட்டி கேட்டு வாங்கிக்கினாரு. ராத்திரி வீட்ல இருக்கக் கூடாதுன்னு."

ஊர் மெச்சிய விழிப்பு அது! காண்டிராக்டர் புகழ்ந்த கடமை அது! நாம் கேலி பேசிச் சிரித்த அந்தக் கண்விழிப்பு, ஒரு தகப்பன் தன் மகளின் தூக்கத்துக்காகத் தன் தூக்கத்தை அடகு வைத்த கதை! எல்லையிலே நின்றார், தொல்லையிலே வீழ்ந்தார், இல்லை என்னும் சொல்லைப் பெற்றுத் திரும்பினார்.

நம் முன்னோர் போரிலே பட்ட புண்ணுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். விழுப்புண்! விழுமிய புண் என்று பொருள். அதனை எண்ணிப் பார்த்து மகிழ்ந்தார்கள். அதனைத் தாங்கி வீழ்ந்தவனுக்குக் கல் நட்டார்கள். இந்தக் காலத்திலே அரசு அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விழுக்காடு! புண் எத்தனை விழுக்காடு என்று அளக்கிறார்கள். அளந்து பணம் தருகிறார்கள்.

அளப்பது தவறு என்று நாம் கூறவில்லை. துறைமுகத் தொழிலாளிக்கு விழுக்காடு புதிதா? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஓர் அட்டவணையே வகுத்தது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் போனால் 14. ஒரு கண் போனால் 40. கொடுமையான கணக்குதான், ஆனால் கணக்கு என்று ஒன்று இருந்தது. விரல் எந்திரத்தில் போனதா, வீட்டுக் கதவில் போனதா என்று பார்த்தார்கள். எந்திரத்தில் போனது என்றால் முதலாளி கொடுத்தாக வேண்டும்.

படையிலும் அதே இரண்டு கேள்விகள். நோய் எங்கிருந்து வந்தது? எவ்வளவு வந்தது? படைப் பணியால் விளைந்தது அல்லது மிகுந்தது என்று ஏற்க வேண்டும். அளவு 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். இரண்டும் கூடினால் ஊன ஓய்வூதியம். தோழர்கள் அறிந்த சொல்லில், டிசேபிலிட்டி பென்ஷன்.

அதன் கணக்கையும் சொல்லி விடுகிறோம். 100 விழுக்காடு ஊனம் என்றால், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 விழுக்காடு ஊனத்துக்கான கூறாகக் கிடைக்கும். ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். கடைசிச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 விழுக்காட்டுக்கு 9,000. 40 விழுக்காட்டுக்கு 3,600. 20 விழுக்காட்டுக்கு 1,800. இதில் இன்னொரு படியும் உண்டு. நோயினால் இடையிலே வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1996 சனவரி முதல் நாளிலிருந்து, 50-க்குக் கீழ் இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை வந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்க்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கிலே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே 40 என்பது 50 ஆகும். 3,600 என்பது 4,500 ஆகும். மாதந்தோறும், ஆயுள் உள்ளவரை! கூலிக்காரன் வீட்டிலே 4,500 ரூபாய் என்றால் என்ன என்று உங்களுக்கா நாம் சொல்ல வேண்டும்? அது வீட்டு வாடகை. அது மருந்துச் சீட்டு. அது மகளின் படிப்பு.

அந்தப் பணத்தைத்தான் ஒரு சொல் தடுத்து நிறுத்தியிருக்கிறது. விளைந்தது அன்று, மிகுந்தது அன்று. இரண்டு 'இல்லை'!

இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். அந்த 'இல்லை'யைச் சொல்லிவிட்டுப் போவதற்கு மெடிக்கல் போர்டுக்கு வரம்பற்ற உரிமை கிடையாது. எப்படி?

கல்யாணத்துக்கு வாடகைக்கு அண்டா எடுக்கிறோம். கடைக்காரர் தட்டிப் பார்த்து, ஒடுக்கு இல்லை, ஓட்டை இல்லை என்று காட்டிக் கொடுக்கிறார். பந்தி முடிந்து திருப்பித் தரும்போது அடியிலே ஓட்டை. "இது பிறவியிலேயே ஓட்டை அண்டா" என்று நாம் சொன்னால் கடைக்காரர் விடுவாரா? "நல்ல அண்டாவாக எடுத்துப் போனாய். ஓட்டை எப்படி வந்தது என்று நீ சொல்" என்பார். அதுதானே நியாயம்!

படையிலே ஆள் எடுப்பது எப்படி என்பதை நாம் அறிவோம். ஓட விடுகிறார்கள், மார்பை அளக்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், காதைப் பார்க்கிறார்கள், பல்லைக்கூட எண்ணுகிறார்கள். அண்டாவைத் தட்டிப் பார்ப்பதை விட ஆயிரம் மடங்கு தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுத்த ஆளை உடைத்துத் திருப்பித் தரும்போது, "இது பிறவிக் கோளாறு" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டால் போதுமா?

போதாது என்று சொன்னது நாமல்ல, உச்ச நீதிமன்றம். தரம்வீர் சிங் என்னும் சிப்பாய் 1985-இல் சேர்ந்தார். 1994-இல் வலிப்பு நோய் என்று வெளியேற்றினார்கள். ஊனம் 20 விழுக்காடு. பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று எழுதி, ஓய்வூதியம் மறுத்தார்கள். படிப்படியாக ஏறினார். 2013 சூலையில் தீர்ப்பு வந்தது. 1982-ஆம் ஆண்டு உரிமை விதிகளை விரித்து வைத்து நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது ஏட்டிலே நோய்க் குறிப்பு இல்லையென்றால், அவன் நலமாகச் சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். பின்பு நலம் கெட்டு வெளியேறினால், பணியால் கெட்டது என்று கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை வீரன் தலையில் இல்லை. ஐயம் எழுந்தால் அதன் பலன் வீரனுக்கே. முன்பே கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவர்கள் கருதினால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும்.

காரணம் எழுத வேண்டும்! இந்த மூன்று சொல்லை மனத்திலே பொறித்துக் கொள்ளுங்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த பிறகாவது காரணம் எழுதினார்களா, பழைய தாள்களைத் திருத்தினார்களா என்றால், இல்லை. ராஜுமோன் என்னும் சிப்பாயை மனச்சிதைவு நோய் என்று 1998-இல் வெளியேற்றினார்கள். அவர் உச்ச நீதிமன்றத்திலே நியாயம் பெற்றது 2025 மே மாதம். காரணம் கூறாத மெடிக்கல் போர்டு அறிக்கையை வைத்துக்கொண்டு ஓய்வூதியம் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. அதற்கு முந்திய மாதம் இன்னொரு தீர்ப்பு: பிஜேந்தர் சிங், சியாச்சின் பனிமலையிலே பணியாற்றிய சிப்பாய், வலிப்பு நோயோடு 1989-இல் வெளியேற்றப்பட்டவர். தீர்ப்பு 2025-இல். எத்தனை ஆண்டு? 36 ஆண்டு! காளையாகப் போனவன் கிழவனாக வந்து காசு வாங்க வேண்டும் என்பதுதான் நாட்டின் நன்றியா?

"வலிப்பு, காது, முழங்கால் என்றால் புரிகிறது, மனநோய்க்குமா பென்ஷன்? அது வீட்டிலே இருந்தாலும் வருமே!" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது இயல்பே. நாமும் ஒரு காலத்தில் கேட்டவர்கள்தாம். ஆனால் படை மருத்துவர்களுக்கென்று மத்திய அரசே ஒரு வழிகாட்டி நூல் வைத்திருக்கிறது. மனநோய் என்பது உள்ளிருந்து வரும் காரணமும் வெளியிலிருந்து வரும் காரணமும் பின்னிப் பிணைந்து வருவது என்று அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. போர்முனை, தீவிரவாத ஒழிப்புப் பணி, உயரமான மலைப்பகுதி, ஆள் நடமாட்டமற்ற காவல் நிலை ஆகிய இடங்களிலே பணியாற்றும்போது நோய் தோன்றியிருந்தால், அது பணியால் விளைந்தது என்று ஏற்க வேண்டும் என்றும் வழி சொல்லியிருக்கிறது. நமது மிலிட்டரி அண்ணன் மூன்று ஆண்டு காஷ்மீர் எல்லையிலே நின்றவர். டிஸ்சார்ஜ் புத்தகத்திலேயே அது இருக்கிறது. புத்தகம் ஒன்று சொல்லுகிறது. தாள் வேறொன்று சொல்லுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தவர் யாருமில்லை.

உலகமும் இதை எளிதில் ஒப்பவில்லை. முதல் உலகப் போரிலே குண்டு அதிர்ச்சியால் நடுங்கியவர்களைக் கோழைகள் என்றே ஏசியவர் பலர். வியட்நாம் போருக்குச் சென்று திரும்பிய அமெரிக்க வீரர்கள், "எங்கள் உடம்பு வந்துவிட்டது, உறக்கம் வரவில்லை" என்று முறையிட்டுப் போராடிய பிறகுதான், 1980-இல் அந்நாட்டு மனநல மருத்துவர்களின் கையேட்டிலே அந்த நோய்க்கு ஒரு பெயரும் இடமும் கிடைத்தன. காட்டுப்பள்ளிக்கு வந்ததே ஒரு கப்பல், அந்த நாட்டிலும் படைவீரர்க்கு விழுக்காடு உண்டு. பத்துப் பத்தாக அளக்கிறார்கள். குறைவாக அளந்துவிட்டார்கள் என்று மேல்முறையீடு செய்வோரும் அங்கே ஏராளம். அவர்களுடைய சட்டமும் ஒன்றைச் சொல்கிறது: இரு பக்கச் சான்றும் சம எடையாக நின்றால், தட்டு வீரன் பக்கமே சாய வேண்டும். கடல் கடந்தாலும் நீதி ஒன்றுதான்!

எதிர்த் தரப்பையும் கேட்போம். "ஊனம் என்று சொல்லிப் பணம் பறிப்போர் பெருகிவிட்டனர். ஆகவே கண்டிப்பு வேண்டும்" என்பார்கள். கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023-இல் வெளியிட்ட அறிக்கையையும் எடுத்துக் காட்டுவார்கள். காட்டட்டும், நாமும் அதையே காட்டுகிறோம். 2015-16 முதல் 2019-20 வரையிலான ஆண்டுகளில் ஓய்வு பெற்ற அதிகாரிகளில், நூற்றுக்கு 36 முதல் 40 பேர் வரை ஊன ஓய்வூதியத்தோடு போனார்கள். அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட வீரர்களிலே நூற்றுக்கு 15 முதல் 18 பேர். பனியிலே படுப்பவன் யார்? பதுங்கு குழியிலே கிடப்பவன் யார்? அவனுக்கு 15, அவனுக்கு ஆணையிடுபவருக்கு 40! அதிகாரிகள் எல்லாரும் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களிலும் உண்மையாக உடைந்தவர் உண்டு. நாம் சொல்வது வேறு. விதி தெரிந்தவன் கேட்டு வாங்குகிறான். விதி தெரியாதவன் விதியே என்று இருந்துவிடுகிறான். பொய் சொல்பவனைப் பிடியுங்கள், தடுக்கவில்லை. பொய்யனுக்குப் போட்ட வலையிலே தூங்க முடியாத ஏழையைச் சிக்க வைக்காதீர்கள் என்கிறோம்.

சரி, இவ்வளவு நியாயம் இருக்கிறதே, இந்த அண்ணன் ஏன் கேட்கவில்லை? அம்மையாரையே கேட்டோம். மூன்று அச்சம் சொன்னார். இதே மூன்று அச்சத்தைப் பல வீடுகளில் காணலாம். ஆகையால் மூன்றுக்கும் விடை சொல்கிறோம்.

முதல் அச்சம்: "ஏதாச்சும் கேட்கப் போனா, வர்ற பென்ஷனும் நின்னுடும் தம்பி." பத்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்காக அவருக்குச் சிறிய ஓய்வூதியம் ஒன்று வருகிறது. அது அவர் உழைத்த ஆண்டுகளுக்கான கூலி. ஊனத்துக்கு நியாயம் கேட்டதற்காக அதை நிறுத்த எந்த விதியும் இல்லை. பறித்துக்கொள்ள அது பிச்சையன்று, உரிமை!

இரண்டாம் அச்சம்: "எத்தினியோ வருஷம் ஆயிடுச்சே." உண்மைதான், முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் என்பது விதி. ஆனால் ஓய்வூதியம் மாதந்தோறும் பிறக்கும் உரிமை. மறுப்பும் மாதந்தோறும் நிகழும் தவறு. தர்சேம் சிங் என்பவர் 1983-இல் வெளியேற்றப்பட்டு 16 ஆண்டு கழித்தே நீதிமன்றம் போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவரை 'காலம் போய்விட்டது, போ' என்று விரட்டவில்லை. உரிமை உண்டு என்றது. ஆனால் நிலுவையை மட்டும், வழக்குப் போட்டதற்கு முந்திய மூன்று ஆண்டோடு நிறுத்திவிட்டது. பொருள் புரிகிறதா, தோழர்களே? தாமதம் கதவைச் சாத்தாது; ஆனால் பையைக் கத்தரிக்கும். இன்னொரு கோடும் உண்டு. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியேறிப் 15 ஆண்டு கடந்து, ஏடுகள் அழிக்கப்பட்ட பின்பு கேட்டால், மெய்ப்பிக்கும் சுமை வீரன் தலைக்கு மாறிவிடும். 2012-இல் வந்தவருக்கு அந்தக் கோடு நெருங்கிவிட்டது. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தவர்களுக்கு வேறு புதிய விதிகள். ஆகவே எவர் தாளை எடுத்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்!

மூன்றாம் அச்சத்தை அம்மையார் உடனே சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "அந்த நோவோட பேரை எழுதணுமில்ல? பொண்ணு இருக்குது தம்பி. நாளைக்கு யார் வந்து கேப்பாங்க?"

இதற்கு விதிப்புத்தகத்தில் விடை இல்லை. வரலாற்றிலேதான் இருக்கிறது. வெண்ணிப் போர்க்களம். கரிகாலனோடு பொருதான் சேரன் பெருஞ்சேரலாதன். அவன் மார்பிலே பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவிற்று என்பர். முதுகிலே புண் பட்டுவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிர் விட்டான் மன்னன். எண்ணிப் பாருங்கள்! வேலை அவன் மார்பிலே அல்லவா வாங்கினான்? புறமுதுகு காட்டினானா? இல்லையே! முன்னே நின்று வாங்கிய வேல், பின்னே வந்து தெரிந்தது, அவ்வளவே. மனநோயும் அப்படித்தான் தோழர்களே. எல்லையிலே முன்னே நின்று வாங்கியது, இல்லத்திலே பின்னே வந்து தெரிகிறது. அதை முதுகுப் புண் என்று எண்ணி நாணுகிறது குடும்பம். அதையே சாக்காக வைத்து 'இல்லை' என்கிறது அலுவலகம். வடக்கிருப்பது மன்னனுக்குச் சரி; மகள் படிக்கும் வீட்டுக்குச் சரியன்று!

இதை அம்மையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, அறியோம். உள்ளே வந்து, தாயின் மடியிலிருந்த தாளை எடுத்து மேசையிலே விரித்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? தெருவுக்கே தெரியும். தெரியாதது அந்த ஆபீசுக்கு மட்டும்தான். எழுதுங்க மாமா."

எழுதினோம். என்ன எழுதினோம் என்பதையும் சொல்கிறோம். இதேபோன்ற தாள் உங்கள் தெருவிலும் மடித்துக் கிடக்கலாம். மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகலும், சேர்ந்த நாள் மருத்துவக் குறிப்பின் நகலும் வேண்டுமென்று ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு மனு. முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஒரு மனு: சேரும்போது நோய்க் குறிப்பு இல்லை, எல்லைப் பணி இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, நோய் தோன்றியது பணியில் இருந்தபோது, போர்டு காரணம் கூறவில்லை, ஆகவே மறுபடி ஆராய்க. அவர்கள் மறுத்தால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு உண்டு. அவர்களும் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது அது. சென்னையிலேயே அதற்குக் கிளை இருக்கிறது. நீதிபதியாக இருந்த ஒருவரும், படையிலே உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து கேட்பார்கள். வழக்கறிஞர் வைக்க வழியில்லையென்றால் வீரனே நேரில் நின்று பேசலாம். காலத்தாழ்வைத் தக்க காரணம் கண்டு பொறுக்கும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கதவையும் தட்ட வேண்டும். 2025 சூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 'வீர் பரிவார் சகாயதா' என்று ஒரு திட்டம் தொடங்கி, படைவீரர் நல அலுவலகங்களிலே சட்ட உதவி மையம் அமைப்பதாக அறிவித்தது. அறிவித்தவர்களிடம் போய்க் கேட்போம். கேட்டால்தானே அறிவிப்பு ஆட்களுக்குப் பயன்படும்!

தோழர்களே! எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் அத்திப்பட்டிலும் ஆலை வாயில் எத்தனை! ஒவ்வொரு வாயிலிலும் நீலச் சட்டை எத்தனை! அந்தச் சட்டைக்குள்ளே முன்பு பச்சைச் சட்டை அணிந்தவர் எத்தனை பேர்! அவர்களிடம் வாக்குக் கேட்கப் போயிருக்கிறோம், வணக்கம் சொல்லியிருக்கிறோம், 'மிலிட்டரி' என்று விளையாட்டாக அழைத்திருக்கிறோம். இனி ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: "அண்ணே, உங்க போர்டு பேப்பரை எடுத்துப் பார்த்தீங்களா?" ஆங்கிலத்திலே இருக்கிறது, புரியவில்லை என்பார். படித்துச் சொல்லுவோம். தேதி போய்விட்டது என்பார். தர்சேம் சிங் கதையைச் சொல்லுவோம். வெட்கமாக இருக்கிறது என்பார். உட்கார்ந்து கேட்போம், சிரிக்காமல் கேட்போம். நமது படிப்பகத்திலே செய்தித்தாளைப் படித்துக் காட்டுகிறோம் அல்லவா? வாரத்தில் ஒரு மாலை இந்தத் தாள்களையும் படித்துக் காட்டினால் என்ன? மேடையிலே முழங்குவது மட்டுமா தொண்டு? மேசையிலே குனிந்து மனு எழுதுவதும் தொண்டுதான்.

அன்று இரவு ஷிப்டுக்குப் போகுமுன் அண்ணன் படிப்பகத்துக்கு வந்தார். மனுவை வைத்தோம். படிக்கவில்லை. "எங்கே கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார். காட்டினோம். பேனாவை எடுத்தார். முதலில் பெயரை எழுதவில்லை. படையிலே அவருக்கிருந்த எண்ணை எழுதினார், நிறுத்தாமல், ஒவ்வோர் எண்ணாக. பிறகு பதவி. அதற்குப் பிறகுதான் பெயர். அனுப்பிவிட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த எண்ணை அவர் மறக்கவில்லை. அந்த எண்ணுக்குரியவரைத்தான் அவர்கள் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதுவோம், மறுத்தால் மேலே போவோம். காட்டுப்பள்ளி வாயிலிலே இன்றிரவும் பூட்ஸ் ஓசை கேட்கும். தோழர்கள் அந்தப் பக்கம் போனால் அவரை மெச்ச வேண்டாம். அருகிலே ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.